உருண்டைக் குமிழ்

அம்மாவின் தெருவில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. வீட்டில் இருந்தாலும் பூட்டுவதில்லை, ஊருக்குப் போனாலும் பூட்டுவதில்லை. நல்லவர்களே நிறைந்த தெரு என்று அவசரப்பட்டு நினைத்துவிட வேண்டாம். பக்கத்து வீட்டு ஏணியை வாங்கிக்கொண்டு போய் அது தன் அப்பா வாங்கியது என்று சாதிக்கிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். விஷயம் வேறு. அந்தத் தெரு தேசியப் பூங்காவின் எல்லைக்குள் இருக்கிறது. வேலி கிடையாது, போடவும் கூடாது. காட்டிலிருந்து இறங்கி வரும் கரடிகளுக்கு இது மனிதர்களின் தெரு என்று தெரியாது, தெரிந்தாலும் மதிக்கப்போவதில்லை. கடைக்குப் போகும் வழியில் எதிரே கரடி நின்றால், எந்த வீடு பக்கத்தில் இருக்கிறதோ அதற்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்ளலாம். அனுமதி கேட்க வேண்டியதில்லை. சண்டை போட்டுப் பேச்சு நின்றுபோன வீடாக இருந்தாலும் பரவாயில்லை. அதற்காகத்தான் பூட்டுவதில்லை.

நான் பள்ளியில் படித்தபோது, ஒருநாள் அப்பா குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு வெளியே வந்தார். கூடத்தில் எங்கள் தலைமையாசிரியை உட்கார்ந்து பழைய பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், "வெளியில நிக்குது" என்றார். அப்பா, "சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குளியலறைக்குள் போய்விட்டார். இருவருமே அதைப் பற்றி அப்புறம் பேசியதில்லை.

பூங்காவைப் பார்க்க வருகிறவர்கள் இந்தத் தெருவையும் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். மனிதரும் விலங்கும் ஒற்றுமையாக வாழும் இடம் என்று நுழைவாயிலில் பலகை வைத்திருக்கிறார்கள். நடைமுறையில் ஒற்றுமை என்றால், பழமரம் வளர்க்காமல் இருப்பது, வண்டி வரும்வரை குப்பை வாளியைச் சமையலறையிலேயே வைத்துக்கொண்டு அதன் நாற்றத்தோடு குடித்தனம் நடத்துவது. பலகையில் அதை எழுத இடம் போதவில்லை போலிருக்கிறது.

இப்படிப்பட்ட தெருவில் பிறந்த நான், பூட்டு வேலை செய்கிறவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். முதல்முறை மாமியார் வீட்டுக்கு வந்தபோது, படுக்கப்போகும் முன் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போடப் போனவர், தாழ்ப்பாளே இல்லை என்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "வைத்தியர் வீட்டுல மருந்து இல்லாத மாதிரி முழிச்சாரு மாப்பிள்ளை" என்று அம்மா இன்றுவரை சொல்லிச் சிரிப்பாள்.

நாங்கள் இருப்பது நகரத்தில், காரில் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு அம்மாவிடம் போய்ச் சேரலாம். என் வீட்டுக்காரர் அங்கே பூட்டுக்கடை வைத்திருக்கிறார். நான் ஒரு பல் மருத்துவமனையில் வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா ஓய்வு பெறும்வரை பூங்கா வாசலில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவள். ஜன்னல் எப்போதும் திறந்தே இருக்கும், குளிர் நேராகக் கைக்குத்தான் வரும். அதனால்தானா, வயதினாலா, மருத்துவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். விரல் மூட்டுகள் வீங்கி, இப்போது எதையும் பிடித்துத் திருக முடியாது. சட்டைப் பொத்தான் போட முடியாது. பாட்டில் மூடி திறக்க முடியாது. ஆனால் அம்மா யாரையும் கூப்பிட மாட்டாள். குழாயை மணிக்கட்டால் தள்ளுவாள், கதவின் நீளக் கைப்பிடியை முழங்கையால் கீழே அழுத்துவாள், உள்ளே போவாள். பார்க்கிறவர்களுக்குக் கையில் ஏதோ சாமான் வைத்திருக்கிற மாதிரிதான் தெரியும்.

அப்பா போன பிறகு, எங்களோடு வந்து இரு என்று அவளிடம் நான் தொண்டை வறளப் பேசியிருக்கிறேன். கடும் காய்ச்சலில் கிடந்தபோது சொன்னேன். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டபோது சொன்னேன். ஒருமுறை அழுதும் பார்த்துவிட்டேன். எதுவும் காதில் ஏறவில்லை. "உன் வீட்டு ஜன்னலைத் திறந்தா எதிர்வீட்டு ஜன்னல்தான் தெரியுது. அதுக்கு எதுக்குடி ஜன்னல்?" என்பாள். அந்த வீட்டில், அந்தத் தெருவில், தானாக நடந்து போய்த் தானாகக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவது. அவளுக்கு வேண்டியதெல்லாம் அதுதான். அதை நான் பிடிவாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தப் பெண் கரடி வந்தது.

ஒரு காது கிழிந்த கரடி. பூங்கா அலுவலகம் அதற்கு ஒரு எண் கொடுத்திருந்தது. தெருக்காரர்கள் 'இன்ஸ்பெக்டர்' என்று கூப்பிட்டார்கள், வீடு வீடாக நின்று முகர்ந்து பார்த்துவிட்டுப் போவதால். வெகுநாள் வெளியில் நின்று பார்ப்பதோடு சரி. மனிதர்கள் எப்படிக் கதவைத் திறக்கிறார்கள் என்பதையும் அப்போது பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஒருநாள் ரொட்டிக்கடைக்காரம்மா வீட்டின் கைப்பிடியில் முன்னங்காலை வைத்து அழுத்தியது. கதவு திறந்தது. உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவைக் காலி செய்துவிட்டு வந்தது.

அதை மயக்கி, லாரியில் ஏற்றி, மலைக்கு அந்தப்புறம் கொண்டுபோய் விட்டார்கள். லாரி ஓட்டியவர் களைப்பு தீர்ந்து வேலைக்குத் திரும்புவதற்குள் இன்ஸ்பெக்டரும் திரும்பிவிட்டது. அடுத்ததாகப் பள்ளி ஆசிரியர் வீடு. அவரும் மனைவியும் மாடியறையில் நாற்காலியை முட்டுக்கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, கீழே அது நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனது.

பூங்காவின் விதி எல்லோருக்கும் தெரியும். ஆட்கள் குடியிருக்கும் வீட்டுக்குள் மூன்றாவது முறை நுழைந்த கரடியைச் சுட்டுவிட வேண்டும். இன்னும் ஒரு வீடு பாக்கி.

அந்தச் சமயத்தில் பூங்காவின் ரேஞ்சர் என் வீட்டுக்காரரைத் தேடிக்கொண்டு நகரத்துக்கு வந்தார். அம்மா டிக்கெட் ஜன்னலில் இருந்த காலத்தில் அவர் வாசல் காவலாளி, அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவார். சுட வேண்டியவரும் அவர்தான். அந்த யோசனையே அவர் முகத்தைப் பாதி ஆக்கியிருந்தது.

"கரடிக்குக் கையில பலம் இருக்கு. பிடிச்சுத் திருகற சாமர்த்தியம் கிடையாது. நீளக் கைப்பிடி எல்லாத்தையும் எடுத்துட்டு, உருண்டைக் குமிழா போட்டுடலாம்னு இருக்கோம். ஆனா பூட்டு மட்டும் கூடாது. எந்த மனுஷன் ஓடி வந்தாலும் திறக்கணும், எந்தக் கரடி வந்தாலும் திறக்கக் கூடாது" என்றார்.

"அவ்வளவுதானே" என்றார் என் வீட்டுக்காரர்.

பூட்டே இல்லாத தெருவில் பூட்டுக்காரருக்கு வேலை கிடைத்ததில் அவருக்கு ரொம்பப் பெருமை. கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டு ஒரு வாரம் அம்மா வீட்டில் தங்கினார். பித்தளைக் குமிழ்கள், வழவழவென்று, உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி. ஒவ்வொரு கதவு முடிந்ததும் ரேஞ்சர் வந்து சோதித்துப் பார்ப்பார். எங்கிருந்தோ ஒரு ஜோடி குத்துச்சண்டைக் கையுறைகளைக் கொண்டுவந்திருந்தார். அவற்றை மாட்டிக்கொண்டு குமிழை அடிப்பார், தட்டுவார், உருட்டப் பார்ப்பார், மேலே சாய்ந்து தள்ளுவார். திறக்கவில்லை என்றால் வேலை சுத்தம். தெரு முழுக்க அவர் பின்னாலேயே சுற்றி, "இன்னும் கொஞ்சம் பல்லைக் காட்டுங்க சார்" என்று கேலி செய்தது. நானும் வார இறுதியில் போய் அந்தக் கூத்தைப் பார்த்தேன்.

அம்மா வீட்டுக் கதவை என் வீட்டுக்காரர் கடைசியாக வைத்திருந்தார். குமிழ் போட்டு முடித்ததும் ரேஞ்சர் கையுறையோடு வந்தார், திறக்கவில்லை, தலையாட்டினார். அடுத்து அம்மா போனாள். முழங்கையை வைத்தாள், வழுக்கியது. இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துப் பிடித்துத் திருப்பினாள். கைகள்தான் திரும்பின, குமிழ் அப்படியே இருந்தது.

"நான் கரடிக் கட்சியில சேர்ந்துட்டேன் போலிருக்கே" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தோம், சிரிக்காமல் இருப்பது அதைவிட மோசமாக இருந்திருக்கும்.

என் வீட்டுக்காரர் என்னென்னவோ செய்து பார்த்தார். குமிழில் ரப்பர் சுற்றினார். பெரிய குமிழ் போட்டார். கதவின் அடியில், காலால் மிதித்தால் திறக்கிற மாதிரி ஒரு கட்டை வைத்தார். ரேஞ்சர் குனிந்து கையுறையால் ஒரு தட்டு தட்டினார், கதவு விரியத் திறந்தது. மின்சாரத்தில் வேலை செய்யும் பூட்டு என்றால், அங்கே காற்று அடித்தாலே மின்சாரம் போய்விடும், ஓடி வருகிறவர் வெளியிலேயே நிற்க வேண்டியதுதான். அம்மாவால் முடிந்தது எல்லாம் கரடியாலும் முடிந்தது. கரடியால் முடியாதது அம்மாவாலும் முடியவில்லை. கடைசியில் பழைய நீளக் கைப்பிடியையே மறுபடி முடுக்கினார்.

ரேஞ்சர் பிடரியைச் சொறிந்துகொண்டு நின்றார். "அது வந்தது ரெண்டு தடவையும் தெருவோட அந்தக் கோடிதான் அக்கா. இந்தப் பக்கம் வராதுன்னுதான் தோணுது. பனி விழுந்தா அது தூங்கப் போயிடும். அதுவரைக்கும் இப்படியே இருக்கட்டும், அப்புறம் நிதானமா யோசிப்போம்."

எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது. எனக்கும்தான்.

வேலை இடைவேளையில் நான் தினமும் அம்மாவுக்கு போன் செய்வது வழக்கம். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, கை வலி எப்படி. அவளும் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் பதில் சொல்லுவாள். அப்படி ஒரு மதியம் பேசிக்கொண்டிருக்கையில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அம்மா பேச்சை நிறுத்தினாள். பிறகு மெதுவாக, ஏதோ பாதி மூச்சில், "வீட்டுக்கு ஆள் வந்திருக்காங்க. அப்புறம் பேசறேன்" என்றாள்.

"யாரும்மா?"

"தெரிஞ்சவங்கதான்."

போனை வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி வம்பு பேச வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு நானும் சாப்பிடப் போனேன்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் போனபோது வீடு அளவுக்கு மீறிச் சுத்தமாக இருந்தது. கூடத்துத் தரை கழுவி விட்டிருந்தது. மாவு டப்பா இருந்த இடத்தில் காலி அலமாரி. நான் சமையலறையில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். கைப்பிடியைத்தான் பார்த்தார். வேறு யாராவது என்றால் கவனித்திருக்க மாட்டார்கள்.

"அத்தை, இது என்ன இவ்வளவு கோடு?"

"அதுவா? சாவி கீவி பட்டிருக்கும்" என்றாள் அம்மா.

அவர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அந்தத் தெருவில் யாரிடமும் சாவி கிடையாது. நாற்பது வருடமாகச் சாவியைக் கையால் தொடாதவளுக்குப் பொய் சொல்லும்போது அதுதான் வாயில் வந்திருக்கிறது. அவளுக்கும் அது உடனே தெரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

முதலில் கரடி விடுகிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அம்மா சொன்ன விதத்தில் அலங்காரமே இல்லை. போனில் என்னோடு பேசிக்கொண்டிருந்தபோது கதவு திறந்து அது உள்ளே வந்தது. அம்மா உள்ளறையில், கட்டிலின் ஓரத்தில். எழுந்தால் சத்தம் வரும் என்று எழுந்திருக்கவில்லை. அது சமையலறைக்குப் போய் மாவு டப்பாவை உருட்டியது, சர்க்கரையைத் தின்றது, ஒரு முறை உள்ளறை வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தது.

"மூஞ்சியெல்லாம் மாவு. அது என்னைப் பார்த்துச்சு, நான் அதைப் பார்த்தேன். அப்புறம் போயிடுச்சு. காத்துக்குக் கதவு சாத்திக்கிட்டிருந்தது. கைப்பிடியை அழுத்தித் திறந்துக்கிட்டு, மனுஷங்க மாதிரி போச்சு."

"ரேஞ்சர்கிட்ட சொன்னியா?"

"சொன்னா சுட்டுடுவாங்க."

"சொல்லாட்டி அது மறுபடி வரும். நீ உயிரோட இருக்கறதே பெரிசு. தெரியுதா உனக்கு?" என் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். "சுடட்டும். சுட்டா இந்தத் தெருவுல பழைய கைப்பிடியே திரும்ப வந்துடும். நீயும் நிம்மதியா இங்கேயே இருக்கலாம்." அவளை அங்கிருந்து கிளப்ப இத்தனை காலம் பாடுபட்ட நானே இதைச் சொன்னேன். ஆத்திரத்தில் எந்தப் பக்கம் பேசுகிறோம் என்றே தெரிவதில்லை.

அம்மா என் வீட்டுக்காரரிடம் திரும்பினாள். "மாப்பிள்ளை, அந்த உருண்டை இருக்கா, இல்ல எடுத்துட்டுப் போயிட்டீங்களா?"

"வண்டியில இருக்கு அத்தை. ஆனா நீங்க எப்படி?"

"அதை இங்க போட்டுடுங்க. நான் உங்ககூட வந்துடறேன்."

நான்தான், "பக்கத்து வீட்டுல சொல்லி வெச்சா வந்து திறந்து விடமாட்டாங்களா?" என்று கேட்டேன். என் வாயா அது என்று எனக்கே சந்தேகம்.

"ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் வந்து திறந்து விடணும்னா அதுக்குப் பேரு வீடு இல்ல." ஏதோ விலைவாசி சொல்வதுபோல் சொன்னாள்: "நான் வெளியில போயே நாளாச்சு. உன்கிட்ட சொல்லல. குமிழ் போட்டதிலேர்ந்து இந்தத் தெருவுல ஒரு கதவும் எனக்குத் திறக்காது. எதிர்ல வந்துட்டா நான் எங்க ஓடுவேன்?"

வாசலோரம் அவளுடைய நடைச் செருப்பு இருந்தது. அதன்மேல் தூசி படிந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். குமிழ்களை மாட்டியவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர்மேல் தப்பு இல்லை. யார்மேலும் தப்பு இல்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"சுட்டுட்டா எல்லாம் சரியாயிடும்மா" என்றேன் மறுபடியும், இந்த முறை மெதுவாக.

"அதுக்கு வேற எடத்துல விட்டாலும் இருக்கத் தெரியல, பார்த்தியே. எனக்கு உன் வீடு இருக்கு" என்றாள் அம்மா.

எனக்குக் கோபம்தான் வந்தது. காய்ச்சலுக்கு வராதவள், இடுப்பில் அடிபட்டபோது வராதவள், பெற்ற மகள் எதிரே உட்கார்ந்து அழுதபோது வராதவள், ஒரு காது கிழிந்த கரடிக்காகப் பெட்டியைக் கட்டுகிறாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்த விதம்தான் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை சாமான்களைக் கட்டினோம். அங்கே யாராவது வீட்டைக் காலி செய்தால், சாப்பிடும் பொருள் ஒன்றும் விடாமல் எடுத்துவிட்டு, ஒரு நாற்காலியையும் ஒரு போர்வையையும் மட்டும் வைத்துவிட்டுப் போவார்கள். ஓடி வருகிறவர் உட்கார வேண்டுமே. அம்மா நாற்காலியை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போடச் சொன்னாள். உள்ளறை அலமாரியிலிருந்து பழைய பத்திரிகைகளை எடுத்துவரச் சொல்லி அதன் பக்கத்தில் அடுக்க வைத்தாள்.

செய்தி எப்படியோ பரவி, தெரு வாசலில் கூடிவிட்டது. ரொட்டிக்கடைக்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "கடைசியில நெனச்சதை சாதிச்சுட்ட. நல்லா இருந்தவங்களை இழுத்துட்டுப் போற" என்றாள். பள்ளி ஆசிரியர் என்னிடம் பேசவே இல்லை. உண்மையைச் சொன்னால் அன்றைக்கே துப்பாக்கியை எடுக்க வேண்டியிருக்கும். வாயை மூடிக்கொண்டு ஏச்சை வாங்கிக்கொண்டேன். அம்மாவும் பக்கத்திலேயே நின்று, "என்ன பண்றது, மக கூப்பிட்டுக்கிட்டே இருக்கா" என்று கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

என் வீட்டுக்காரர் நீளக் கைப்பிடியைக் கழற்றித் துணியில் சுற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். கோடுகள் யார் கண்ணிலும் படவில்லை. குமிழைப் பொருத்தி, திருகாணிகளை முடுக்கி, சற்று நேரம் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ரேஞ்சர் கையுறைகளைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு வந்தார். கழுவிய கூடத்தைப் பார்த்தார், காலி அலமாரியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"என்னக்கா திடீர்னு? பனி விழற வரைக்கும்னு சொன்னோமே."

"சும்மா தள்ளிப் போடுவானேன்."

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். கையுறையை மாட்டப் போனவரை அம்மா நிறுத்தினாள்.

"அது எதுக்கு? நான் பார்க்கறேன்."

கதவைச் சாத்தச் சொன்னாள். முதலில் முழங்கையை வைத்து அழுத்தினாள். பிறகு இரண்டு கைகளையும் குமிழின்மேல் வைத்து ஒரு பக்கம் திருப்பினாள், மறுபக்கம் திருப்பினாள். தோளைக் கொடுத்துத் தள்ளினாள். சும்மா பாவனைக்குச் செய்யவில்லை, முகம் சிவந்து மூச்சு வாங்கும்வரை செய்தாள். யாரும் கேலி பேசவில்லை. ரேஞ்சர் கையுறைகளைப் பார்த்தபடி நின்றார்.

அம்மா கைகளை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"திறக்கல. நல்லா போட்டிருக்கீங்க மாப்பிள்ளை" என்றாள்.

பிறகு படியிறங்கிப் போய், காரின் கதவைத் தானே மணிக்கட்டால் இழுத்துத் திறந்து உள்ளே உட்கார்ந்துகொண்டாள்.